சந்தை என்று பெயர் வைத்தாலும் பந்தயம் பந்தயம்தான்

(மாதாந்தக் குடும்ப நலக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையிலே பெரட்டுக்குப் போய், மலையேறி, கொழுந்து நிறுத்து முடித்து, களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

குடிப்பழக்கம், வட்டிக் கடன், அடகு, லொத்தர் என்று பல விஷயங்களை இந்தக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். டவுனில் இருக்கிற ரேஸ் புக்கியைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இப்போது சில இளைஞர்கள் நம்மிடம் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். "ரேஸ் கெட்டதுன்னு சொல்றீங்க, சரி. ஆனா போன்ல வேற ஒண்ணு வந்திருக்கே. அது சூது இல்லையாம், சந்தையாம். தேர்தல்ல யார் வெல்லுவாங்க, எந்த டீம் வெல்லும்னு அறிவை வச்சுக் காசு உழைக்கலாமாம். அதுல போட்டா என்ன?" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. கேட்டதற்காக யாரையும் ஏசக் கூடாது. விளங்கப்படுத்த வேண்டியது நமது கடமை.

இதற்கு எதிர்வுகூறல் சந்தை என்று பெயர். வானிலை எதிர்வுகூறல் என்று வானொலியில் சொல்கிறார்களே, அந்த எதிர்வுகூறல்தான். நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வது. இது பெரிதாக வளர்ந்த இடம் அமெரிக்கா. ஆகவே அங்கே நடந்ததை வைத்துத்தான் இதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய பந்தயம் எப்படி?

முதலில் நமக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்வோம். புக்கியில் ஒருவர் குதிரைக்கோ கிரிக்கட்டுக்கோ காசு கட்டுகிறார். விகிதத்தைக் கடைக்காரர் சொல்கிறார். வென்றால் கடை கொடுக்கும், தோற்றால் கடை எடுக்கும். எதிராளி கடைதான். ஒளிவு மறைவு இல்லை.

கடைக்கு எப்படி லாபம்? அமெரிக்காவில் சமபலமுள்ள இரண்டு அணிகள் ஆடினால் வழக்கமாக 110 டொலர் கட்டினால்தான் 100 டொலர் வெல்லலாம். இரண்டு பக்கமும் ஆளுக்கு 110 கட்டுகிறார்கள் என்று வையுங்கள். கடையின் கையில் 220. வென்றவருக்கு அவருடைய 110ஐயும் வெற்றிக் காசு 100ஐயும் சேர்த்து 210 கொடுக்கிறார்கள். மிச்சம் 10 கடைக்கு. யார் வென்றாலும் கடைக்கு 10.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ கழிக்கிறார்களே, அதைப் போன்ற கழிவு இது. இந்தக் கழிவைத் தாண்டி நட்டமில்லாமல் நிற்க வேண்டுமானால் 100 தடவையில் 53 தடவையாவது சரியாகச் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி சரியாகச் சொல்கிறவர் கொஞ்சங் கொஞ்சமாகக் காசை இழந்துகொண்டே போவார். "நான் வென்றதும் உண்டு" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. கூட்டிக் கழித்துப் பார்க்காமல் சொல்கிறார், அவ்வளவுதான்.

புதிய சந்தை எப்படி?

இங்கே ஒரு கேள்வி போடுவார்கள். "இன்னார் தேர்தலில் வெல்வாரா?" பதில் ஆம் அல்லது இல்லை. ஆம் என்ற சீட்டு 60 சதம் என்றால் இல்லை என்ற சீட்டு ஏறக்குறைய 40 சதம். நடந்து முடிந்ததும் சரியான சீட்டுக்கு 1 டொலர் கிடைக்கும். பிழையான சீட்டுக்கு ஒரு சதமும் இல்லை. விலை 60 என்றால், நூற்றுக்கு அறுபது வாய்ப்பு உண்டென்று அங்கே காசு போடுகிறவர்கள் நினைக்கிறார்கள் என்று அர்த்தம். இடையில் விலை ஏறினால் விற்கலாம், இறங்கினால் நட்டத்துக்கும் விற்கலாம்.

இதன் ஆரம்பம் கெட்ட நோக்கத்தோடு நடந்ததல்ல. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில், தேர்தல் முடிவை மக்கள் எவ்வளவு சரியாகக் கணிக்கிறார்கள் என்று ஆராய இதைத் தொடங்கினார்கள். ஒருவர் 500 டொலருக்கு மேல் போட முடியாது என்று வரம்பும் வைத்தார்கள். படிப்புக்காக நடந்த காரியம் அது. பிறகு கம்பெனிகள் வந்தன. 2020இல் பொலிமார்க்கட், 2021இல் கல்ஷி. 2024ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் யார் வெல்வார் என்ற ஒரே கேள்விக்கு மட்டும் பொலிமார்க்கட்டில் 300 கோடி டொலருக்கு மேல் வாங்கல் விற்றல் நடந்தது. 500 டொலர் வரம்பு எங்கே, இது எங்கே!

நியாயமாகப் பேசினால் இதிலும் சில நல்ல அம்சங்கள் உண்டு. விலை எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. நினைத்தால் இடையில் வெளியேறலாம். அடிக்கடி வெல்கிறவரைப் புக்கிக்காரர் "போதும், இனி உங்களிடம் எடுக்க மாட்டேன்" என்று நிறுத்துவதுண்டு. சந்தையில் அப்படி நிறுத்துவது குறைவு. இவற்றை நாம் மறைக்கவில்லை. ஆனால் காசைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய நாலு கேள்விகள் இருக்கின்றன.

முதற் கேள்வி: கழிவு எவ்வளவு?

"இங்கே கடைக்காரர் இல்லை, அதனால் கழிவும் இல்லை" என்று சொல்வார்கள். அது சரியல்ல. கல்ஷியில் 2025இல் இருந்த சாதாரணக் கட்டணக் கணக்குப்படி, 50 சதச் சீட்டு ஒன்றுக்கு ஒன்றே முக்கால் சதம் கட்டணம். 50 சதத்தில் ஒன்றே முக்கால் என்றால் நூற்றுக்கு மூன்றரை. இடையில் விற்றால் அதற்கும் கட்டணம் வரும். அதோடு வாங்குகிற விலை ஒன்று, விற்கிற விலை ஒன்று. 60க்கு வாங்கிய அதே நிமிஷம் விற்கப் போனால் 58தான் கிடைக்கும் என்றால், அந்த 2 சதமும் கழிவுதான். சாக்குக்குக் கழிக்காமல் கயிற்றுக்குக் கழித்தாலும் கிலோ குறையத்தானே செய்யும்?

இன்னொன்று. "இது நிச்சயம் நடக்கும், 95 சதத்துக்கு வாங்கினால் 5 சதம் சும்மா கிடைக்குது" என்று ஆசைப்படுவார்கள். 19 தடவை வென்றால் 95 சதம் சேரும். இருபதாவது தடவை ஒன்று தவறினால் அந்த 19 தடவை உழைத்ததும் ஒரேயடியாகப் போய்விடும். கட்டணத்தையும் சேர்த்தால் கணக்கு அதைவிட மோசம்.

இரண்டாவது கேள்வி: எதிரே இருப்பவர் யார்?

புக்கியில் எதிராளி கடை என்று தெரியும். சந்தையில் எதிராளியின் முகம் தெரியாது. நம்மைப் போல ஒரு சாதாரண ஆள் என்று நினைத்துக்கொள்வோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. 2024இல் சஸ்குவஹானா என்ற பெரிய பங்குச் சந்தை வியாபாரக் கம்பெனி கல்ஷியில் விலை சொல்லி வாங்கி விற்க வந்தது. அவர்களிடம் கணக்குப் படித்தவர்களும், கண் இமைக்கும் முன் விலையை மாற்றுகிற கணினிகளும் இருக்கின்றன.

2024 தேர்தலில் பிரான்ஸ் நாட்டுக்காரர் ஒருவர் பொலிமார்க்கட்டில் 8 கோடி டொலருக்கு மேல் வென்றார். அதைச் சொல்லித்தான் பலருக்கு ஆசை காட்டுகிறார்கள். ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் சொந்தச் செலவில் அமெரிக்காவில் கருத்துக் கணிப்பு நடத்துவித்தார். பல கணக்குகளில் கோடிக்கணக்கில் போட்டார். நம்ம தம்பி லயத்து வாசலில் இருந்துகொண்டு, ரீலோட் போட்ட போனை வைத்துக்கொண்டு, அவரோடு போட்டி போட முடியுமா? இந்தச் சந்தையில் புதிதாகக் காசு விளைவதில்லை. ஒருவர் வெல்கிற ஒவ்வொரு டொலரும் இன்னொருவர் தோற்ற டொலர். 8 கோடி ஒருவர் வென்றார் என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்த 8 கோடியைத் தோற்றவர்கள் எத்தனை பேர் என்றும் நினைக்க வேண்டும்.

இதைவிட ஆபத்து, விஷயம் முன்கூட்டியே தெரிந்தவர் எதிரே இருப்பது. கிரிக்கட்டில் இதற்கு மேட்ச் ஃபிக்ஸிங் என்று பெயர். நமது நாட்டில் 2019இல் விளையாட்டுத் தவறுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன்படி 10 வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். விளையாட்டில் மோசடி செய்யக் கூடியவர்கள் ஆட்டக்காரர், நடுவர், அவர்களைச் சுற்றியிருப்பவர்கள் என்று ஓரளவு வரையறை உண்டு. ஆனால் யுத்தம், தேர்தல், அரசாங்கத் தீர்மானம் என்று எல்லாவற்றிலும் காசு போடவிட்டால், இரகசியம் தெரிந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்?

2026 ஜனவரி 3ஆம் திகதி அமெரிக்கப் படை வெனிசுவேலா ஜனாதிபதி மதுரோவைப் பிடித்துக்கொண்டு போனது. அதற்குச் சற்று முன்புதான், புதிதாகத் தொடங்கிய ஒரு கணக்கிலிருந்து, அவர் பதவி இழப்பார் என்று ஏறக்குறைய 30,000 டொலர் பொலிமார்க்கட்டில் போடப்பட்டிருந்தது. அந்தக் கணக்கு 4 இலட்சம் டொலருக்கு மேல் வென்றது. உள்விஷயம் தெரிந்த யாரோ போட்டதாக உடனே சந்தேகம் கிளம்பி, அமெரிக்கப் பாராளுமன்றத்தில் இதைத் தடுக்கச் சட்டமூலமும் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு "அப்படி நடக்காது" என்ற சீட்டை வைத்திருந்தவர் மோசமாகக் கணித்ததால் தோற்கவில்லை. விடை தெரிந்தவரோடு பரீட்சை எழுதியதால் தோற்றார்.

மூன்றாவது கேள்வி: தீர்ப்புச் சொல்வது யார்?

குதிரை ஓடி முடிந்தால் எது முதலில் வந்தது என்று ஓட்டத் திடலில் இருக்கிற நடுவர்கள் சொல்வார்கள். சந்தேகமிருந்தால் படம் பார்ப்பார்கள். அடுத்த நாள் பத்திரிகையிலும் அதே முடிவுதான் இருக்கும். எதிர்வுகூறல் சந்தையில் பல கேள்விகளுக்கு அப்படித் தெளிவான முடிவு கிடையாது.

ஒரு வேடிக்கையான, ஆனால் பலருக்கு வயிற்றெரிச்சலான சம்பவம் சொல்கிறோம். 2025இல் பொலிமார்க்கட்டில் ஒரு கேள்வி. உக்ரைன் ஜனாதிபதி செலென்ஸ்கி ஜூலை மாதத்துக்கு முன் கோட் சூட் போடுவாரா? யுத்தம் தொடங்கியதிலிருந்து அவர் வழக்கமாகச் சூட் போடாமல் இருந்தார். ஜூன் 24ஆம் திகதி நெதர்லாந்தில் நடந்த நேட்டோ மாநாட்டுக்கு அவர் கறுப்பு ஜாக்கட் அணிந்து வந்தார். சூட் போட்டுவிட்டார் என்று பல செய்தி நிறுவனங்கள் எழுதின. ஆம் என்று போட்டவர்கள் வென்றுவிட்டதாக நினைத்தார்கள். கடைசித் தீர்ப்பு என்ன? அது சூட் இல்லை என்று வந்தது! அந்தக் கேள்வியில் 20 கோடி டொலருக்கு மேல் புரண்டிருந்தது.

தீர்ப்புச் சொன்னது நீதிமன்றமா? இல்லை. ஒரு வகை டிஜிட்டல் நாணயத்தை வைத்திருப்பவர்கள் வாக்களித்துச் சொன்னார்கள். ஆளுக்கொரு வாக்கு என்றுமில்லை. நாணயம் கூட வைத்திருப்பவருக்கு வாக்கும் கூட. அப்படி வாக்களிப்பவர் அதே கேள்வியில் காசு போட்டவராகவும் இருக்கலாம். தராசு பிடிக்கிறவரே கொழுந்துக்கும் சொந்தக்காரர் என்றால் நிறுவை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

நான்காவது கேள்வி: முறைப்பாட்டை யார் கேட்பார்?

இதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. அமெரிக்காவில் 2018 மே மாதம் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதா இல்லையா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தீர்மானிக்கலாம். அனுமதித்த மாநிலங்கள் காவல்களையும் வைத்தன. அனுமதிப்பத்திரம் வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது ஆக வேண்டும். "என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை, என்னைச் சேர்க்காதீர்கள்" என்று ஒருவர் தன் பெயரைத் தானே தடைப் பட்டியலில் எழுதிக்கொள்ள வழி வைத்தார்கள். இந்தக் காவல்கள் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன என்று நாம் சொல்லவில்லை. வேலியில் ஓட்டை இருக்கலாம். ஆனால் வேலி என்று ஒன்று இருக்கிறது.

எதிர்வுகூறல் சந்தைக்காரர்கள் என்ன சொன்னார்கள்? "நாங்கள் பந்தயம் நடத்தவில்லை. நெல், எண்ணெய், தங்கம் போன்றவற்றின் வருங்கால விலையை வைத்து வியாபாரம் நடக்கிறதே, அதே மாதிரியான சந்தைதான் இது. அதனால் மாநிலப் பந்தயச் சட்டம் எங்களுக்கு இல்லை" என்றார்கள். 2025 ஜனவரியில் கல்ஷி விளையாட்டுப் போட்டிகளுக்கும் சீட்டு விற்கத் தொடங்கியது. 18 வயதானவரும் வாங்க முடிந்தது. பந்தயத்தை அனுமதிக்காத மாநிலத்தில் இருப்பவரும் வாங்க முடிந்தது. அதே போட்டி, அதே அணி, அதே காசு. பெயர் மட்டும் வேறு. நெவாடா, நியூ ஜேர்சி முதலிய மாநிலங்கள் நிறுத்தச் சொல்லிக் கட்டளை அனுப்பின. கல்ஷி நீதிமன்றத்துக்குப் போனது. மசாசூசெட்ஸ் மாநிலம் 2025 செப்டெம்பரில் தானே வழக்குப் போட்டது. ஆக, "சந்தை" என்ற ஒரு சொல் வேலியையே பிடுங்கிப்போடப் பார்க்கிறது. சாராயப் போத்தலில் மருந்து என்று லேபல் ஒட்டினால் குடிக்கிறவனுக்கு வெறி ஏறாமல் இருக்குமா?

போட்ட காசு பத்திரமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. அயர்லாந்தில் இன்ட்ரேட் என்ற எதிர்வுகூறல் சந்தை இருந்தது. ஒரு காலத்தில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதன் விலையை எடுத்து எழுதின. 2013 மார்ச்சில் கணக்கில் ஒழுங்கீனம் இருப்பதாகச் சொல்லித் திடீரென்று மூடிவிட்டார்கள். சரியாகக் கணித்தவர்களின் காசும் உள்ளே மாட்டிக்கொண்டது.

நமது நாட்டில் நிலைமை என்ன?

பொலிமார்க்கட்டில் காசு போடுவது கிரிப்டோ எனப்படும் டிஜிட்டல் நாணயத்தில்தான். இலங்கை மத்திய வங்கி இந்த நாணயங்களைப் பற்றிப் பொதுமக்களுக்குப் பல தடவை எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. அவற்றை வாங்க வங்கியின் கடனட்டையையோ வரவட்டையையோ பாவிக்க அனுமதி இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. 2025 ஓகஸ்ட் மாதம் நமது பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனியில், வேறொருவர் பெயரில் உள்ள கணக்கில், டிஜிட்டல் நாணயத்தில் போன காசை மீட்டுத்தா என்று எந்தக் கதவைத் தட்டப் போகிறீர்கள்? சிங்கப்பூரைப் போல ஒழுங்கான நாடே, அனுமதியில்லாத சூதாட்டம் என்று சொல்லி 2025 ஜனவரியில் பொலிமார்க்கட்டைத் தடுத்தது.

நேராகப் போட முடியாது என்றவுடன் என்ன நடக்கும்? "என்னிடம் கொடுங்க, நான் போட்டுத் தருகிறேன்" என்று ஓர் ஆள் வருவார். இரண்டு தடவை லாபம் என்று கொஞ்சக் காசும் தருவார். மூன்றாவது தடவை பெரிய தொகையாகக் கேட்பார். அந்தக் காசு உண்மையில் எந்தச் சந்தைக்கும் போகாமலே இருக்கலாம். ஆகவே, இன்னொருவரின் கையிலோ கணக்கிலோ காசு கொடுத்துப் போடச் சொல்வதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

புக்கி இரவில் கதவைப் பூட்டும். டவுனுக்கு நடக்கிற தூரத்தில் மனம் மாறவும் இடமுண்டு. போனுக்குப் பூட்டு இல்லை, போயா தினமும் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாமல் ஒரு மாதச் சம்பளம் போயிரும். ஆகவே வீட்டில் உள்ளவர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

சம்பளம் வந்த இரண்டு மூன்று நாளில் காசு தீர்ந்து, காரணம் சொல்லத் தெரியாமல் நிற்பது.

சீட்டுக் காசு, நகை, பிள்ளையின் பாடசாலைக் காசு ஆகியவற்றைச் சொல்லாமல் எடுப்பது.

இரவு முழுக்கப் போனோடு இருப்பது, யாரும் கிட்டப் போனால் மறைப்பது.

"விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடுவேன்" என்று சொல்வது. இந்தச் சொல் வந்துவிட்டால் நிலைமை கைமீறிப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கண்டால் சண்டை போட்டு ஊரைக் கூட்டாதீர்கள். அவமானப்பட்டவர் இன்னும் மறைவாகத்தான் செய்வார். முதலில் எவ்வளவு கடன், யாரிடம் கடன் என்று ஒரு கொப்பியில் இரண்டு பேருமாக எழுதுங்கள். வட்டிக்கு வாங்கிக் கடனை அடைக்க வேண்டாம். சம்பளக் காசைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் இன்னொருவர் கையில் வைத்திருங்கள். மனம் உடைந்து பேசுகிறார் என்றால் தாமதிக்காமல் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்குப் பேசுங்கள். நமது நலன்புரி அலுவலகத்துக்கும் வரலாம். சொன்ன விஷயம் வெளியே போகாது.

தம்பிமாரே, உங்களுக்கு அறிவு இல்லை என்று நாம் சொல்லவில்லை. தேர்தல் கணிக்கவும் கிரிக்கட் கணிக்கவும் உங்களுக்குத் தாராளமாக அறிவு உண்டு. ஆனால் கழிவு எவ்வளவு, எதிரே யார், தீர்ப்பு யார் கையில், முறைப்பாடு எங்கே என்ற நாலுக்கும் பதில் தெரியாத இடத்தில் அறிவுக்கு விலை கிடைக்காது. புக்கியில் இந்த நாலில் மூன்றுக்காவது பதில் தெரியும். அப்படியிருந்தும் அங்கே போனவர்கள் எத்தனை பேர் வீடு கட்டினார்கள் என்பதை இந்தத் தோட்டத்திலேயே எண்ணிப் பாருங்கள்.

கையில் கொஞ்சம் மிஞ்சுகிறதா? வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ போடுங்கள். வட்டி கொஞ்சம்தான். ஆனால் நீங்கள் தோற்றால்தான் இன்னொருவர் வெல்லலாம் என்ற நிலைமை அங்கே இல்லை. புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும். கேட்டால் பதில் சொல்ல முன்னால் ஓர் ஆள் இருப்பார்.